காற்று பிரியும் வரை

என் வீட்டுக்காரர் முடி வெட்டுகிறவர். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் என்ன சொன்னாலும் ஆமாம் போடுவது அந்தத் தொழிலில் பாதி. இந்த வருஷம் வெயில் அதிகம் என்றால் ஆமாம். அடுத்து வந்தவர் வெயிலே இல்லை என்றால் அதற்கும் ஆமாம். நான் சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். கோணல் தையலையும் விட்டுப்போன பித்தானையும் பார்த்து, இது ஆகாது என்று ஒதுக்கி வைப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக எங்கள் குடித்தனம் இப்படித்தான் ஓடுகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவருக்குத் தொப்புளைச் சுற்றி வலி பிடித்தது. ஒரே சீராக வலிக்கவில்லை. முறுக்கிப் பிடிக்கும், கொஞ்ச நேரம் விடும், மறுபடி முறுக்கும். விட்ட நேரத்தில் முடி வெட்டியிருக்கிறார். பிடித்த நேரத்தில் கத்தரிக்கோலைத் துடைக்கிற மாதிரி நின்றிருக்கிறார். மத்தியானம் வாந்தி. முதலில் சாப்பிட்டது வந்தது, அப்புறம் மஞ்சளும் பச்சையுமாகக் கசப்புத் தண்ணீர். வெறும் வாயுதான் என்று யாரோ சொல்ல, அதற்கும் ஆமாம் போட்டுவிட்டு ஒரு பாட்டில் சோடா குடித்திருக்கிறார். அதுவும் போன வழியே திரும்பி வந்துவிட்டது.

நான் வேலை முடிந்து வந்தபோது வயிறு உப்பிப்போய், சட்டையின் கீழ்ப் பித்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். முந்தின நாளிலிருந்து வெளிக்கும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை என்பதை அவரிடமிருந்து கறப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன் குடல்வால் வெடித்து ஆபரேஷன் செய்த தழும்பு அந்த உப்பலில் பளபளத்தது. அதைப் பார்த்ததும் பேச்சை வளர்க்காமல் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். ஆபரேஷன் ஆன வயிற்றுக்குள் நார் போலத் தழும்புகள் வளருமாம். அதில் ஒன்று சிறுகுடலை மடக்கிப் பிடித்திருக்கிறது. குடலுக்கு ரத்தம் ஒழுங்காகப் போவதால் இப்போதைக்குக் கத்தி வைக்க வேண்டாம், பல பேருக்கு இரண்டு மூன்று நாளில் தானாகவே விட்டுவிடும் என்றார். அதுவரை வாயில் சொட்டுத் தண்ணீர் கூடாது. தேங்கியதை வெளியே எடுக்க மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு குழாய். கையில் டிரிப். சிறுநீரை அளந்து வைக்க வேண்டும், முடிந்தவரை நடக்க வேண்டும். காய்ச்சல் வந்தாலோ, நாடி வேகமெடுத்தாலோ, விட்டு விட்டு வந்த வலி விடாமல் நின்றாலோ உடனே ஆபரேஷன்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் இவர் முகம் செத்துப்போனது. போன தடவை தையல் சீழ் பிடித்து இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தவர். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எழுந்திருக்காமலே போனதைப் பார்த்தவர்.

அதன் பிறகு டாக்டரம்மா வரும்போதெல்லாம் கேட்டது ஒரே கேள்விதான். காற்று பிரிந்ததா? பிரிந்தால் அடைப்பு விடுகிறது என்று அர்த்தமாம். இத்தனை காலம் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு மனுஷனைத் திட்டித் தீர்ப்பேன். இப்போது அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமை முழுக்க ஒன்றும் இல்லை.

வியாழன் காலை பல் விளக்கிவிட்டு வந்தால், நர்ஸ் சிரித்த முகமாகக் குழாயை எடுக்கத் தயாராக நிற்கிறாள். டாக்டரம்மா ஆபரேஷன் தியேட்டரில் இருந்ததால் சின்ன டாக்டர் வந்துவிட்டுப் போனாராம். காற்று இரண்டு தடவை போய்விட்டதாக இவர் சொல்லியிருக்கிறார். குழாயில் வருவதைப் பிடிக்கிற பையை அப்போதுதான் மாற்றியிருந்தார்கள், அது காலியாக இருந்ததைப் பார்த்து அவரும் நம்பிவிட்டார். குழாயை எடுத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம் என்று உத்தரவாம்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் உத்தரத்தைப் பார்த்தார்.

"எப்பங்க போச்சு?"

"விடியக்காலைல. நீ தூங்கிட்டிருந்தே."

நான் கண்ணே மூடவில்லை. அவர் முனகிய ஒவ்வொரு முனகலுக்கும் நான் சாட்சி. நர்ஸ் டிரேயை எடுத்துவரத் திரும்பியபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லிடாத. இன்னொரு தடவை வெட்டுனா நான் எந்திரிக்க மாட்டேன்."

பாவமாகத்தான் இருந்தது. அவர் கை ஜில்லென்று இருந்தது. ஆனாலும் கையை விடுவித்துக்கொண்டு நர்ஸிடம் போனேன்.

"அவர் சொன்னது பொய்மா. ஒண்ணும் போகலை. குழாயைத் தொடாதீங்க."

டாக்டரம்மா வந்தார். கோபப்படவில்லை. குழாய் இல்லாமல் வாந்தி வந்து நுரையீரலில் இறங்கியிருந்தால் என்ன ஆகும், அடைப்பு விட்டுவிட்டதாக நம்பி டாக்டர்கள் சும்மா இருக்கும்போது உள்ளே குடல் அழுகினால் என்ன ஆகும் என்று நிதானமாகச் சொன்னார். பிறகு குழாய் வழியாகவே எக்ஸ்ரேயில் தெரிகிற ஒரு மருந்தைச் செலுத்தினார். அது பெருங்குடல் வரை போய்ச் சேர்ந்தால் வழி திறக்கிறது என்று அர்த்தம், சில பேருக்கு அதுவே அடைப்பை இளக்கியும் விடும் என்றார். சாயங்காலம் எடுத்த படத்தில் மருந்து பாதி வழியிலேயே நின்றிருந்தது. மறுநாள் காலை கடைசியாக ஒரு படம், அதிலும் நகரவில்லை என்றால் தியேட்டர் என்று முடிவானது. சம்மதக் காகிதத்தில் இவர் என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

வியாழன் காலையிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நாள் முழுக்கப் பேசியே பிழைக்கிற மனுஷன். டிரிப் கம்பியை அவர் தள்ள, குழாய்ப் பையை நான் தூக்கிக்கொண்டு கூடவே போக, வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தோம். நான் செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆபரேஷன் மேசையில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டதை நான் செய்யவில்லை என்றுதானே ஆகும்? அவரிடம் சண்டை போடலாம் என்றால் அதற்கும் அவர் வாயைத் திறக்க வேண்டுமே.

வெள்ளி காலை, படம் எடுக்கக் கூப்பிடுவதற்கு முன் இன்னொரு நடை போனோம். பாதி வராந்தாவில் நின்றுவிட்டார். கம்பியை இறுக்கிப் பிடித்தார். முகம் கோணியது. விடாத வலி வந்துவிட்டது, எல்லாம் முடிந்தது என்று நர்ஸைக் கூப்பிட நான் வாயைத் திறந்தேன்.

சத்தம் வந்தது. சாதாரணச் சத்தம் இல்லை. பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். தொடர்ந்து இன்னொன்று.

இவர் என் பக்கம் திரும்பினார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

"அப்ப நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

பையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். டாக்டரம்மா இன்னொரு வார்டில் நாலைந்து பேரோடு நின்றிருந்தார். நான் ஓடிவந்த கோலத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். எனக்கு மூச்சு வாங்கியது.

"காத்து பிரிஞ்சிடுச்சு டாக்டர். என் காதால கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதேன்.