ஒன்பது கட்டத்தில் ஐந்தாவது ஆள்

புது மீன் அங்காடியில் ஒரே வரிசையாக ஒன்பது கட்டம். விற்கிறவர்கள் நான்கே பேர். இருந்தும் ஐந்தாவதாக வந்த புஷ்பவல்லிக்கு இடமில்லை. அங்கே யாருக்கும் பக்கத்துக் கட்டத்தில் ஆள் இருந்தால் ஆகாது. ஒரு கட்டம் தள்ளி இருந்தாலோ உயிரையே கொடுப்பார்கள்; காலிக் கட்டத்தைத் தாண்டி ஐஸ் போகும், மருமகளைப் பற்றிய புகார் வரும். ஆக, இரண்டு, நான்கு, ஆறு, எட்டில் ஆள். மிச்சமெல்லாம் காலி.

புஷ்பவல்லி வாசலில் வெயிலில் குந்தியிருந்தாள். கன்டெய்னர் லாரி ஒவ்வொன்றும் சங்கராமீன்மேல் புழுதி போட்டுவிட்டுப் போனது. உள்ளே இடம் கிடைக்காவிட்டால் கூடையைத் தலைமுழுக வேண்டியதுதான்.

மகள் மோகனப்ரியா, முகத்துவாரக்குப்பத்து வீட்டில் முதல் பட்டதாரி, ஆராய்ச்சி செய்வதே இதைத்தான். கட்டங்களில் எலக்ட்ரான்களை விட்டால் ஒன்றுக்கொன்று ஆகாமல், ஒன்றுவிட்டு ஒன்றாக உட்கார்ந்து உறைந்துபோகும். "சாதி பார்க்கிற தெரு மாதிரி" என்று கருத்தரங்கில் சொல்லி ஆய்வு வழிகாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

அங்காடியில் இடம் ஒதுக்குகிற சங்கத்துச் சுயம்புவிடம் போனாள். "ஒன்னு, மூனு, அஞ்சு, ஏழு, ஒம்போதுல குந்தினா அஞ்சு பேரு. யாரும் யாருக்கும் பக்கத்துல இல்ல."

"கணக்கு கரீட்டு. ஒன்னாம் கட்டம் சாக்கடையோரம். ரெண்டுல கீற பட்டம்மா அங்க நவுராது. நீ நவுத்திப் பாரு."

மோகனப்ரியா அம்மாவை இழுத்துவந்து மூன்றாம் கட்டத்தில் உட்கார வைத்தாள்.

"வேணாண்டி, பேஜாரு" என்றாள் புஷ்பவல்லி.

"கம்முனு குந்து. எந்திரிச்ச, நான் வூட்டுக்கே வரமாட்டேன்."

இரண்டில் இருந்த பட்டம்மாளும் நான்கில் இருந்த மலிகாவும் சேர்ந்து கத்தினார்கள். இதிலும் இருவரும் ஒரே கட்சி. புஷ்பவல்லி எழவில்லை. அவள் முழங்கை உரசுவது பொறுக்காமல் பட்டம்மாள் சாக்கடையோரம் ஒன்றுக்குப் போனாள். மலிகா ஐந்துக்குத் தாவினாள். மலிகா பக்கத்தில் வந்தது ஆறுக்குப் பிடிக்கவில்லை, ஏழுக்கு நகர்ந்தது. எட்டும் ஒன்பதில் போய் ஒதுங்கியது.

கொஞ்ச நேரத்தில் பட்டம்மாள் காலிக் கட்டத்தைத் தாண்டிக் கை நீட்டினாள். "இந்தாக்கா, ஐஸு. உம் மீனு வாடிப்போயி கீது."

புஷ்பவல்லி வாங்கிக்கொண்டாள்.

மோகனப்ரியாவுக்குக் கால் கடுத்தது. அம்மாவுக்கும் மலிகாவுக்கும் நடுவே, நான்காம் கட்டத்தில், அப்பாடா என்று உட்கார்ந்தாள்.

புஷ்பவல்லியின் முகம் மாறியது.

"எந்திரி."

"நான்தாம்மா."

"யாரா இருந்தா இன்னா? அது காலியா இருக்கணும். நவுரு."

மலிகாவும் ஆமாம் என்றாள்.

மோகனப்ரியா வாசலுக்குப் போய் வெயிலில் குந்தினாள். ஒரு கன்டெய்னர் லாரி போனது.