லேசும் கெட்டியும்

மாஸ்டர் காலை ஏழு மணியிலிருந்து விமானத்தின் வாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்ததைவிடத் திட்டியதுதான் அதிகம்.

"என்ன எழவு பொடி இது? கல்லு மாதிரி நிக்குது. மூணு உப்புத்தாள் தேஞ்சு போச்சு, இது தேய மாட்டேங்குது."

பறக்கும் மாதிரி விமானங்கள் செய்யும் பட்டறை. ஆட்கள் மாஸ்டரும் நானும், இரண்டே பேர். அக்கம்பக்கத்தில் அம்மா இதை 'விமானக் கம்பெனி' என்பாள். என்னிடம் பேசும்போது 'அந்தப் பொம்மைக் கடை' என்பாள். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா லாரியில் மூட்டை ஏற்றிப் படிக்க வைத்தார். மாஸ்டர் எனக்கு வைத்த பெயர் 'பட்டம்'. "படிச்சு வாங்கறதும் பட்டம், நூல் கட்டி விடறதும் பட்டம். ரெண்டும் காத்துலதான் ஆடும்" என்று முதல் நாளே சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அன்று சனிக்கிழமை. பத்து மணிக்குப் பல் டாக்டர் வந்து தன் விமானத்தை எடுத்துப்போவதாக ஏற்பாடு. இரண்டரை மீட்டர் இறக்கை, பெட்ரோல் இன்ஜின், மொத்தம் ஏழு கிலோ. பெயின்ட் அடிக்கும் முன் ஞாயிறு காலை மைதானத்தில் ஒருமுறை பறக்கவிட்டுப் பார்ப்பார்கள்.

நான் சக்கரத்துக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தேன். 'கல்லு மாதிரி' என்ற சொல் தாமதமாகத்தான் மண்டைக்குள் இறங்கியது. கை நின்றுவிட்டது.

எங்களிடம் இரண்டு வெள்ளைப் பொடிகள் உண்டு. இரண்டையும் ரெசினில் கலந்து பசையாக்குவோம். ஒன்று கண்ணாடிக் குமிழ்ப் பொடி. ஒவ்வொரு துகளுக்குள்ளும் வெறும் காற்று. எடை ஏறாது, காய்ந்தபின் சாக்பீஸ் மாதிரி தேயும். மூலையை நிரப்பி வளைவு கொடுக்க மட்டும்தான் ஆகும், பாரம் தாங்காது. இன்னொன்று சிலிக்கா. காய்ந்தால் கல். பாரம் தாங்கும் இடத்தை அதை வைத்துத்தான் ஒட்டுவோம். மாஸ்டர் முதலாவதை 'லேசு' என்பார், இரண்டாவதைக் 'கெட்டி' என்பார். ஒரே மாதிரி இரண்டு பிளாஸ்டிக் டப்பா. பெயரை எழுதியிருந்தது மூடியில். டப்பாவில் அல்ல, மூடியில்.

வால் மூலைக்கு அவர் போட்டது லேசு. லேசு கல்லாக நிற்கிறதென்றால், செவ்வாய்க்கிழமை நான் கெட்டி என்று போட்டது எது?

எங்கே போட்டேன் என்பது நன்றாகத் தெரியும். இறக்கையின் இரண்டு பாதிகளையும் நடுவில் பிடித்து நிறுத்தும் பிளைவுட் தகட்டில். அதன்மேல் பால்சா என்ற எடையில்லாத மரத்தின் பலகையை மூடி ஒட்டியாகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அருமையான இறக்கை.

அவர் பார்க்காத நேரத்தில் இரண்டு காகிதக் கோப்பையில் கொஞ்சம் ரெசின் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு டப்பாப் பொடியில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினேன். சிலிக்கா கலந்தால் ஊடுருவித் தெரியும் கூழாக இருக்கவேண்டும். 'கெட்டி' என்று மூடி போட்டிருந்தது சுண்ணாம்பாக வெளுத்தது. 'லேசு' கூழானது.

செவ்வாய்க்கிழமையும் அது வெளுத்தது. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் கலக்கினேன். அதற்கு ஐந்து நிமிடம் முன்பு மாஸ்டர் போனில் டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆமா சார், எடுபிடிக்கு ஒரு பொண்ணு இருக்கு." அந்த இறக்கையை வரைந்த எடுபிடி. எவ்வளவு பாரம் தாங்கும் என்று மூன்று நாள் கணக்குப் போட்ட எடுபிடி. என் கண் கோப்பையில் இருந்தது, புத்தி அந்தப் போனில் இருந்தது.

வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. விழுந்தால் காற்று என்பார்கள், ரிமோட் சிக்னல் என்பார்கள். சொன்னால், 'பட்டம் பண்ணின லட்சணத்தப் பாரு' என்று நான் இருக்கும்வரை சொல்லுவார். இருக்கவிட்டால். நான் கழிவறைக்குப் போனேன், கை கழுவினேன், வந்தேன், மறுபடி போய்க் கழுவினேன்.

"வயிறு சரியில்லையா?" என்றார் மாஸ்டர்.

"மூடி மாறியிருக்கு மாஸ்டர்." இரண்டு கோப்பைகளையும் அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "இறக்கை நடுவுல இருக்கறது லேசு. நான்தான் கலந்தேன்."

அவர் கோப்பைகளை மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாலைப் பார்த்தார். "படிச்ச பொண்ணு, வெள்ளையா இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸு, வாலுக்குக் கலந்தது கூழா இருந்தது உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

வாசலில் கார் நின்றது. மாஸ்டர் குரலைத் தணித்தார்.

"இங்க பாரு. நாளைக்கு ஒரே ஒரு ரவுண்டு. குட்டிக்கரணம் அடிக்காதீங்கன்னு சொல்லிடறேன். திங்கக்கிழமை பிரிச்சு ஒட்டிக்கலாம். உன் மானமும் போகாது, என் மானமும் போகாது."

"மைதானத்துல குழந்தைங்க உக்காந்து வேடிக்கை பாக்கும் மாஸ்டர்."

"வாயத் திறந்தே, தெரியும்."

டாக்டர் உள்ளே வந்ததும் திறந்தேன். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் இறக்கையைத் தடவிப் பார்த்தார். "நல்லாத்தானேம்மா இருக்கு? உறுதியாத் தெரியுமா?"

"பாத்துடலாம்."

இரண்டு ஸ்டூல்களை ஒவ்வொரு பாதிக்கும் நடுவில் வருமாறு போட்டு, இறக்கையை மேலே வைத்தேன். குட்டிக்கரணத்தில் ஏழு கிலோ முப்பத்தைந்தாக இழுக்கும். என் கணக்கு அதற்குத்தான்; ஏழு டின் தாங்கவேண்டும். ஐந்து கிலோ ரெசின் டின்களை ஒவ்வொன்றாக நடுவில் ஏற்றினேன். ஒன்று. இரண்டு. மூன்று. இறக்கை லேசாக வளைந்து அப்படியே நின்றது.

"பாத்தீங்களா சார், சின்னப் பொண்ணு, சும்மா பயந்துக்குது." மாஸ்டர் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

நான்காவதும் நின்றது. என் கையால் செய்த இறக்கை உடையவேண்டும் என்று நானே வேண்டிக்கொண்டு நின்றேன். ஐந்தாவது டின்னை வைத்துக் கையை எடுப்பதற்குள் 'டப்' என்றது. டின்கள் உருண்டன. ஒன்று மாஸ்டர் கால் பக்கம் போனது. அவர் துள்ளிக் குதித்தார். இறக்கை இரண்டாகக் கிடந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று பொடி.

டாக்டர் குனிந்து நகத்தால் சுரண்டினார். "நாங்களும் இதே வேலைதான். ரெசின், பொடி. தப்பா அடைச்சா ஆறு மாசத்துல கன்னத்தப் பிடிச்சுக்கிட்டு வந்துடுவாங்க." நிமிர்ந்தார். "யார் கலந்தது?"

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "அது வந்து சார், நம்ம எடுபிடி..."

"நான் கலந்தேன்" என்றேன். "இறக்கைய வரைஞ்சது நான். கணக்கு போட்டது நான். ஒட்டினதும் நான்தான். எடுபிடி யாரும் இங்க இல்ல."

குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. டாக்டர் என்னைப் பார்த்தார்; பழக்கதோஷத்தில் மாஸ்டரிடம் திரும்பிக் கேட்டார். "புதுசுக்கு எத்தனை நாள்?"

"நாலே நாள் சார்."

"ஒன்பது" என்றேன்.

டாக்டர் இரண்டு பேரையும் பார்த்தார். "ஒன்பதுக்கு அப்புறம் வரேன்" என்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாஸ்டர் கதவில் சாய்ந்து நின்றார். "என்னைக் கேக்காம ஒன்பதுன்னு சொல்லிட்டே."

"உங்களக் கேட்டா நாலுன்னு சொல்லுவீங்க."

"திமிரு. திங்கக்கிழமை நீ வரணுமா வேணாமான்னு நான் யோசிக்கணும்."

"யோசிங்க. நான் இன்னிக்கே ஆரம்பிக்கறேன்."

அவர் பட்டறையைப் பூட்டச் சாவியை ஆணியிலிருந்து எடுத்தார், மறுபடி மாட்டினார்.

உடைந்த பாதியை மேசையில் வைத்து, பிளைவுட் தகட்டின் ஓரத்தில் உளியைக் கொடுத்தேன். நெம்பவே தேவைப்படவில்லை. தொட்டதும் கழன்று கையில் வந்தது. அவ்வளவு சுலபமாக வந்ததில்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.