உறவும் இல்லை, நட்பும் இல்லை

ரெனேவின் அண்ணன் மகள் கெய்ட்லின் மடிக்கணினியைத் தூக்கிப் பிடித்து அறையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். சுவர், ஜன்னல், மேசைக்கு அடி, கூரை. பரீட்சைக்கு முன்னால் இப்படிக் காட்ட வேண்டுமாம்.

"அத்தை, கேமராவுல நீங்க தெரியறீங்க. கொஞ்சம் வெளிய போயிடுங்களேன்."

"காபி எடுத்துட்டுப் போறேன்."

"பேசாதீங்க. சத்தம் கேட்டாலும் காப்பியடிக்கறேன்னு நெனச்சுக்கும்."

ரெனே கோப்பையுடன் கார் கொட்டகைக்குப் போய், கவிழ்த்துப் போட்ட வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். இருபது வருடங்களுக்கு முன் அவளும் இதே கல்லூரியில் இதே பாடத்தை வீட்டிலிருந்து படித்தவள்தான். அப்போது கேமரா கிடையாது. பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் பெரும்பாடு.

அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருடமாகச் சமையல். சூப்புக்கு உருளைக்கிழங்கு நறுக்கியபடியே, பக்கத்து அறையில் நர்ஸ்கள் ரத்த அழுத்தம் பார்ப்பதைக் கவனித்துக்கொண்டிருப்பாள். கல்லூரி தொண்ணூற்றாறு மைல் தள்ளி இருந்தது. நர்சிங் வகுப்பில் அவளுக்கு ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் டிசம்பருக்குள் உடற்கூறியல் பாடத்தில் தேறியாக வேண்டும். தவறினால் அந்த இடம் வரிசையில் நிற்கும் அடுத்தவருக்கு.

தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் இணையம். கீச்சென்று கத்தி, கரகரத்து, பிறகுதான் வகுப்பு திறக்கும். அது திறந்திருக்கும்வரை வீட்டுக்கு யாராலும் போன் செய்ய முடியாது. "உன் வீட்டுக்காரர் செத்தாக்கூட உனக்குச் சொல்ல எனக்கு வழியில்ல போல" என்று மாமியார் குறைபட்டுக்கொண்டார். ஒவ்வொரு வாரமும் வகுப்பின் இணையப் பலகையில் ஒரு கருத்து எழுத வேண்டும், மற்ற இரண்டு பேருக்குப் பதில் எழுத வேண்டும். எல்லோரும் "நல்ல கருத்து" என்றுதான் ஆரம்பிப்பார்கள். லாரி ஓட்டும் ஒருவர் எங்கெங்கோ நிறுத்தி எழுதுவார். இரட்டைக் குழந்தைக்காரி ஒருத்தி முற்றுப்புள்ளியே வைக்கமாட்டாள். ஒருவர் முகமும் ரெனேவுக்குத் தெரியாது. ஆனால் லாரிக்காரர் ஒரு வாரம் எழுதாமல் போனபோது அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பரீட்சைக்கு மட்டும் வேறு ஏற்பாடு. அவரவர் ஊரில் ஒரு கண்காணிப்பாளர் எதிரில் உட்கார்ந்து எழுத வேண்டும். நூலகர், பாதிரியார், வங்கி மேலாளர், யாராகவும் இருக்கலாம். தேர்வைத் திறக்கக் கல்லூரி அவருக்கு ஒரு ரகசியச் சொல்லை அனுப்பும். முடிந்ததும் அவர் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். "இந்த மாணவர் எனக்கு உறவினரும் அல்ல, நண்பரும் அல்ல."

ஊரில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பாதிரியார் ரெனேவின் சித்தி மகன். வங்கிக்காரர் கணவன் டேலின் அக்கா மகன். தபால் அலுவலகத்தில் அத்தை. மிச்சமிருந்தவர்கள் எல்லோரும் அவள் கல்யாணத்துக்கு வந்தவர்கள்.

"உறவும் இல்லாம, பழக்கமும் இல்லாம ரெண்டே பேருதான் தேறும்" என்றான் டேல். "ஒண்ணு ஹால்வர்சன் தாத்தா. அவருக்குக் கண்ணு தெரியாது."

"இன்னொண்ணு?"

அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவினான். அவளுக்குப் புரிந்தது.

மார்லிஸ். நூலகத்தைப் பார்த்துக்கொள்பவள். பள்ளியில் ஒன்பது பேர் கொண்ட வகுப்பில் பன்னிரண்டு வருடம் பக்கத்து இருக்கை. பதினோரு வருடங்களாகப் பேச்சு இல்லை. ஊர் உயர்நிலைப் பள்ளியை மூடிப் பக்கத்து ஊரோடு சேர்ப்பதா என்று கூட்டம் நடந்தபோது, இரண்டு பேரும் எழுந்து எதிர்த்துப் பேசுவது என்று முடிவு. ரெனே எழுந்தாள், பேசினாள். மார்லிஸ் எழவில்லை. மார்லிஸின் கணவன் கர்ட் பள்ளிக் குழுவில் இருந்தான், மூடச் சொல்லி ஓட்டுப் போட்டான். பள்ளி போய்விட்டது. அங்கே சமையலும் தையலும் சொல்லிக்கொடுத்த மனையியல் வகுப்பு அறைக்கு நூலகம் வந்தது.

"உன்னைக் காப்பியடிக்க விடாத ஆளு இந்த மாநிலத்துலயே அவளைவிட்டா கிடையாது" என்றான் டேல்.

செப்டம்பரில் முதல் பரீட்சை. மார்லிஸ் படிவத்தை ஒரு வரி விடாமல் படித்தாள்.

"பையை வெளிய வைங்க. வாட்ச்சைக் கழட்டுங்க."

நீங்க என்று சொன்னாள். சின்ன வயதில் மொட்டைக் கத்தரிக்கோலால் ஒருத்தி முடியை இன்னொருத்தி வெட்டிவிட்டவர்கள்.

"வாட்ச்சுல என்ன இருக்கப்போகுது?"

"எனக்குத் தெரியாது. இதுல எழுதியிருக்கு."

இரண்டு மணி நேரம் எதிரில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கையெழுத்துப் போட்டாள். 'நண்பரும் அல்ல' என்ற இடத்தில் அடிக்கோடு. யாரும் அடிக்கோடு கேட்கவில்லை.

அக்டோபரில் இரண்டாவது பரீட்சை. நூலகத்துக் கம்பியில் குறுக்கே இன்னொரு அழைப்பு நுழையும் வசதி இருந்தது; பாதியில் யாரோ போன் செய்ய, இணைப்பு அறுந்து திரை வெளுத்துவிட்டது. மார்லிஸ் போனை எடுத்தாள்.

"கிளாடிஸ், நீ கேட்ட புத்தகம் வரல. இந்த ஜென்மத்துல வராது. வை."

பிறகு கல்லூரிக்குப் போன் செய்தாள். அங்கிருந்தவர் மறுபடி திறக்க முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

"இங்க பாருங்க சார். ஒண்ணேகால் மணி நேரமா அவ என் கண்ணு முன்னாடி உக்காந்திருக்கா. தும்மினதுகூட எனக்குத் தெரியும். நுரையீரல் கேள்வியில பாதியில நின்னுபோச்சு. அவ மறக்கறதுக்குள்ள திறந்துவிடுங்க." கொஞ்சம் கேட்டுவிட்டு, "இல்ல, எனக்கு அவளைப் பிடிக்காது. அதனாலதான் சொல்றேன், நம்புங்க" என்றாள்.

திறந்துவிட்டார்கள்.

நவம்பரில் தபாலில் ஒரு ஆட்டு இதயம் வந்தது. அதை அறுத்து, அதன் அறைகளைக் குண்டூசியால் அடையாளமிட்டு, படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஊரில் டிஜிட்டல் கேமரா நூலகத்தில்தான் இருந்தது. ரெனே இதயத்தைப் பழைய வெண்ணெய் டப்பாவில் வைத்து எடுத்துப் போனாள்.

மார்லிஸ் டப்பாவைத் திறந்து பார்த்தாள். "மதியச் சாப்பாடா?"

பழைய மனையியல் வகுப்பின் கழுவுதொட்டி அங்கேயே இருந்தது. செய்தித்தாளை விரித்தார்கள். ரெனே அறுத்தாள். மார்லிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுத்தாள், பிறகு மூக்கை விட்டுவிட்டுக் கிட்டே வந்தாள்.

"இது என்னது, நூலு மாதிரி?"

"வால்வைப் பிடிச்சுக்கற தசைநாண். இது இல்லன்னா கதவு பின்பக்கம் திறந்துக்கும்."

"கர்ட்டுக்கு இதுதான் அறுந்துபோச்சாம். ஃபார்கோ ஆஸ்பத்திரியில தெச்சாங்க." மார்லிஸ் விரலால் அந்த நூலைத் தொட்டாள். "டாக்டர் சொன்னப்ப ஒண்ணும் புரியல. தலையை மட்டும் ஆட்டினேன்."

"எப்ப?"

"ரெண்டு வருஷம் முன்னாடி."

ரெனே கேள்விப்பட்டிருந்தாள். கர்ட் ஆஸ்பத்திரியில் என்று தெரிந்து ஒரு பாத்திரம் நூடுல்ஸும் இறைச்சியும் மார்லிஸ் வீட்டுக்குக் கொடுக்கச் சுட்டுவைத்துவிட்டு, கொண்டுபோகாமல் அவளும் டேலுமே தின்று தீர்த்தார்கள். அதைச் சொன்னாள்.

"நல்லா இருந்துச்சா?" என்றாள் மார்லிஸ்.

"உப்பு ஜாஸ்தி."

கொஞ்ச நேரம் குண்டூசிகளை எண்ணினார்கள். பிறகு ரெனே இதயத்தைப் பார்த்தபடியே கேட்டாள். "அன்னிக்கு ஏன் எழுந்துக்கல?"

"பயம்." மார்லிஸ் கேமராவை மூடினாள். "எழுதி வச்சிருந்தேன். பர்ஸுல இருந்துச்சு. கர்ட் மேடையிலேர்ந்து என்னையே பாத்துட்டிருந்தான். காலு வரல."

ரெனே கையைக் கழுவினாள். அடுத்த செவ்வாய்க்கிழமை மார்லிஸ் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்தாள். அதற்கடுத்த செவ்வாயும்.

இறுதித் தேர்வுக்குக் கடைசி நாள் டிசம்பர் பத்து, வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்கு ரெனே நூலகத்துக்குப் போனாள். வாட்ச்சைத் தானாகவே கழற்றி மேசையில் வைத்தாள். மார்லிஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்னால கையெழுத்துப் போட முடியாதுடி."

"என்ன?"

"போன செவ்வாக்கிழமை எங்க இருந்த?"

"உன் வீட்ல."

"எத்தனை கப் காபி?"

"மார்லிஸ், வெளையாடாத."

"நண்பரும் அல்லன்னு எழுதியிருக்கு. கீழ என் பேரு. பொய்க் கையெழுத்து போடமாட்டேன். காலையில ஒம்பது மணிக்கே காலேஜுக்கு போன் பண்ணிக் கேட்டேன். சிநேகிதியா இருந்தா கூடாதுன்னுட்டாங்க."

ரெனேவுக்குக் காது சூடாகியது. "கேட்டியா? நீ கேக்காம இருந்திருந்தா யாருக்குடி தெரிஞ்சிருக்கும்?"

"எனக்குத் தெரியும்."

"பதினோரு வருஷம் பேசாம இருந்த. இன்னும் ரெண்டு மணி நேரம் அப்படியே இருந்து தொலைச்சிருக்கலாமே. என் சீட்டு போச்சு."

"போகல. காலேஜுக்கே போய் எழுதலாம்னாங்க. ரெண்டு மணிக்குள்ள உள்ள போகணும். என் வண்டி வெளிய ஸ்டார்ட்ல இருக்கு."

"வெளிய காத்தைப் பாத்தியா?"

"பாத்தேன். பையை எடு."

அவள் கதவில் 'இன்று நூலகம் இல்லை' என்று ஒரு தாளை ஒட்டினாள். காரணம் எழுதவில்லை.

சாலையின் குறுக்கே பனி பாம்பு பாம்பாக ஓடியது. மார்லிஸ் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். முதல் முப்பது மைல் ரெனே கோபத்தோடு பாடக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மார்லிஸ் தன் முழங்கையை அவள் பக்கம் நீட்டினாள்.

"இது என்ன எலும்பு?"

"ரோட்டைப் பாரு."

"சொல்லு."

சொன்னாள். தோள், தாடை, முழங்கால் சில்லு எல்லாம் கேட்டுவிட்டு, உட்காரும் இடத்தைக் காட்ட வழியில்லாமல் மார்லிஸ் சீட்டில் ஒரு துள்ளு துள்ளினாள். ரெனேவுக்குச் சிரிப்பு வந்தது. கோபம் இருக்கும்போதே வந்தது.

அறுபதாவது மைலில் பனி ஒதுக்கும் வண்டி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. அதைத் தாண்ட முடியாது, முன்னால் பனி வெள்ளைச் சுவராக எழும்பியது. மணி ஒன்று. ஒன்றேகால். மார்லிஸ் ஹாரன் அடிக்கவில்லை. அந்த ஊரில் யாரும் பனிவண்டிக்கு ஹாரன் அடிக்கமாட்டார்கள். விளக்கை மட்டும் இரண்டு தரம் சிமிட்டினாள். ஒரு பண்ணைத் திருப்பத்தில் அது ஒதுங்கி வழிவிட்டது. ஓட்டியவர் வணக்கம்போல் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலை உயர்த்தினார். மார்லிஸும் உயர்த்தினாள்.

கல்லூரி சின்னதாக இருந்தது. செங்கல் கட்டடம், வெட்டி ஒதுக்கிய பனிக் குவியல், மூன்று கார்கள். நான்கு மாதமாக இரவும் பகலும் நினைத்துக்கொண்டிருந்த இடம் இதுதானா என்று ரெனே ஒரு வினாடி நின்றாள். மார்லிஸ் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

தேர்வு அறைப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று ஐம்பத்திரண்டு. ரெனேவின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு மார்லிஸிடம் கேட்டாள். "நீங்க?"

"இவளோட சிநேகிதி."

"அப்போ நீங்க வெளிய இருக்கணும்மா."

"இருக்கேன்" என்றாள் மார்லிஸ்.

கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. ரெனே முதல் கேள்வியைப் படித்துவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். தாழ்வாரத்து பெஞ்சில் மார்லிஸ் கோட்டுப் பொத்தானைக் கழற்றாமல், பூட்ஸுக்கு அடியில் பனி உருகித் தேங்க, நேராக உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிப் பக்கமே அவள் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது ரெனே வெளியே வந்தாள்.

"என்ன வந்துச்சு?"

"எண்பத்து மூணு. திரையிலயே காட்டுச்சு. தேறிட்டேன்."

மார்லிஸ் எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எதுலடி தப்பு விட்ட?"

"காதுல. உள்காது."

"வண்டியில அதை மட்டும் நான் கேக்காம விட்டுட்டேனே" என்றாள் மார்லிஸ். இருவரும் கதவைத் தள்ளிக்கொண்டு காற்றுக்குள் போனார்கள்.