மருந்துக்கடைச் சுவரில் ஒரு சாண்

எங்கள் தெருவில் யாரிடமாவது வயதைக் கேட்டால் எண்ணைச் சொல்ல மாட்டார்கள். தகரம் பறந்ததற்கு அடுத்த வருஷம் பிறந்தேன் என்பார்கள். தகரம் பறந்தது ஒரு புயலில். லாரி ஷெட்டின் கூரை அப்படியே கிளம்பிப் போய்ப் பள்ளிக்கூட மைதானத்தில் உட்கார்ந்துகொண்டது. ஷெட்காரர் அதைத் திரும்பக் கேட்கப் போய்த் தலைமையாசிரியரோடு முட்டிக்கொண்டார்; புயல் ஓய்ந்த பிறகும் அந்தச் சண்டை ஓயவில்லை. அப்புறம் ஆலங்கட்டி வருஷம், குழாயில் காற்று மட்டும் வந்த வருஷம், வெயிலில் தார் இளகிச் செருப்புகள் ரோட்டோடு ஒட்டிக்கொண்ட வருஷம். புயலைப் பார்த்தவர்கள் வெயிலை மதிப்பதில்லை, வெயிலில் காய்ந்தவர்கள் ஆலங்கட்டியை மதிப்பதில்லை.

வெள்ளத்துக்கு மட்டும் சாட்சி உண்டு. தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதற்கு மருந்துக்கடையின் பக்கச் சுவரில் கோடு போடுவது வழக்கம். தெருச் சேற்றைக் கழுவி முடித்ததும், சுவரில் மட்டும் விட்டுவைத்த சேற்றுத் தடத்தின்மேல் போர்டு எழுதும் பெயின்டர் நாலு பேர் பார்க்கச் சிவப்புப் பெயின்ட்டில் இழுப்பார். இருப்பதிலேயே உயரமானது பெரிய வெள்ளத்தின் கோடு. மற்றவை சில்லறை வெள்ளங்கள். அவற்றில் சிலவற்றை ரோடே விழுங்கிவிட்டது.

பெரிய வெள்ளத்தில் நின்றவர்களில் மிச்சம் இருப்பது ஒரே ஒருவர், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற லாரி டிரைவர். தண்ணீர் தன் கழுத்துவரை வந்தது என்று சத்தியம் செய்வார். கோடோ முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும். "அப்போ அவ்ளோ குள்ளமாவா இருந்தீங்கண்ணே?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்பார். தெருவே சிரிக்கும். போகப்போக டிரைவரும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பழகிவிட்டார்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு ரோடு எத்தனையோ முறை போட்டாகிவிட்டது. பழையதைச் சுரண்டிவிட்டுப் போட யாருக்குப் பொறுமை? அதன் தலையிலேயே புதியதைக் கொட்டிவிட்டுப் போவார்கள். ரோடு ஏறியது, வீடுகள் இறங்கின, கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க எங்கள் தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் எதிர் வீடு டெய்லரம்மாவுடையது. ஒரு காலத்தில் தெருவுக்குச் சமமாக இருந்த தரை. இப்போது உள்ளே போகப் படியிறங்க வேண்டும். அவள் அடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க நான் ஜன்னலருகே குனிய வேண்டியிருக்கிறது. என் இடுப்பு வலிக்கு அவள்தான் காரணம் என்று நேரிலேயே சொல்லியிருக்கிறேன்.

அவள் கணவர் பஸ் கண்டக்டர். படிக்கட்டில் தவறி விழுந்து, இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. கட்டிலில் கிடந்தபடியே விசில் அடித்துத்தான் அவளைக் கூப்பிடுவார். ஒரு விசில் என்றால் தண்ணீர், இரண்டு என்றால் டீ. இந்த வீடு எந்த ஸ்டாப்பில் நிற்கும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

மழை விடாமல் பெய்த அன்று தெருவில் கணுக்கால் தண்ணீர் நின்றது; டெய்லரம்மா வாசலில் அடுக்கிய மணல் மூட்டைகள் அதை உள்ளே விடவில்லை. கடைத்தெருவில் அவளுடைய தையல் கடையில் ஊரார் துணியெல்லாம் கீழ்த்தட்டில் கிடந்தது. அவள் ரோட்டில் நின்று மருந்துக்கடைச் சுவரைப் பார்த்தாள். பெரிய வெள்ளமே முழங்கால்தானே. அது வந்தாலும் கட்டில் நனையாது, துணிகளை மேலே ஏற்றிவிட்டு வந்துவிடுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு ஏரி உடைந்தது. தண்ணீர் பழைய கோட்டுக்கு விரற்கடை கீழே வந்து நின்றது. ரோட்டில் நின்றவர்களுக்கு அது முழங்கால்தான். அந்த வீட்டுக்குள் கழுத்து. மாவுக்கட்டோடு அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. விசில் கேட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். நான் மாடியில் இருந்தேன், மழைச் சத்தம்தான் கேட்டது.

டெய்லரம்மா அழவில்லை. துணிகளைத் தைத்து, கொக்கி வைத்து, இஸ்திரி போட்டு, உரியவர்களிடம் கொடுத்தாள். துக்கம் விசாரிக்கப் போனவர்கள் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார்கள்.

கண்டக்டருடைய அக்கா வெளியூர். பாதை அடைபட்டதால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. அதற்குப் பதிலாகத் தெருவில் போன் வைத்திருக்கும் எல்லோரையும் கூப்பிட்டாள். எனக்கு மூன்று முறை. சுவரில் கோடு இருக்கிறதே, தண்ணீர் வரும் என்று தெரிந்தும் என் தம்பியை எப்படித் தனியாக விட்டுப் போனாள் என்பதுதான் கேள்வி. நேரில் வந்து கேட்கிறேன் என்றும் சொன்னாள்.

கோடு போடும் நாளன்று டெய்லரம்மா பெயின்டரின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பழைய கோட்டுக்கு ஒரு சாண் மேல போடுங்க."

"சேறு அதுக்குக் கீழதானேம்மா நிக்குது?"

"மேல போடுங்க. இதுவரைக்கும் யாரும் பார்க்காத தண்ணின்னு இருக்கட்டும்."

துணிக்கு அளவு சொல்லும் அதே குரல். பெயின்டர் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். அவர் ஈரத்துணி கொண்டுவந்து சேற்றுத் தடத்தைத் தன் கையாலேயே துடைத்தார். முழங்கால், முழங்கால் என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்த வாய் அவருடையது. கோடு ஒரு சாண் மேலே ஏறியது.

இரண்டொரு நாளில் நாத்தனார் வந்து இறங்கினாள். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நேராகச் சுவருக்குப் போனாள். பெரிய வெள்ளத்தையே தாண்டிவிட்டது, யாருமே எதிர்பார்க்கவில்லை என்று மருந்துக்கடைக்காரர் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தார். அவள் புதுக் கோட்டருகே நின்று, குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"தொடையளவு," என்றாள். "தொடையளவு தண்ணியிலயா என் தம்பி செத்தான்?"

இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஒரு சாண் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். டிரைவர் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"உள்ள வாங்க அண்ணி," என்றாள் டெய்லரம்மா.

இருவரும் படியிறங்கினார்கள். நான் ஜன்னலுக்குப் போனேன். வேறு எங்கே போவேன்? உள்சுவரில் சேற்றுத் தடம் நாலு பக்கமும் அப்படியே இருந்தது. டெய்லரம்மா நாத்தனாரின் தோளைப் பிடித்து, அளவெடுப்பதற்கு நிறுத்துவதுபோலச் சுவரோடு சேர்த்து நிறுத்தினாள். தடம் கழுத்தில் வந்து நின்றது.

நாத்தனார் விரலை வைத்துப் பார்த்தாள். "இவ்ளோவா?"

"இவ்ளோதான்."

"அப்போ வெளிய இருக்கற கோடு?"

"அது ஒரு சாண் பொய். நான்தான் போடச் சொன்னேன். இந்தத் தண்ணி பழைய கோட்டைத் தொடவேயில்ல."

"அந்தப் பழைய கோட்டைப் பார்த்துட்டுத்தான் போனியா?"

"பார்த்துட்டுத்தான் போனேன். முழங்கால்தான்னு அவர்கிட்ட சொல்லிட்டுப் போனேன். இப்போ நீங்க நின்னீங்களே, அதே இடத்துல நின்னு பார்த்தேன்."

நாத்தனார் போனில் பேசினால் எதிராளிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்காது. இப்போது சேற்றுத் தடத்தின்மேல் விரலை ஓட்டியபடியே கட்டில்வரை போனாள். டெய்லரம்மாவும் பின்னாலேயே போனாள். யாரும் யாரையும் தொடவில்லை.

"மூச்சு முட்டுது," என்றாள் நாத்தனார் கடைசியில். "அந்த ஜன்னலைத் திற."

"திறந்துதான் இருக்கு அண்ணி."

நான் நகர்ந்துகொண்டேன்.