ஏழு பாட்டும் கால் செகண்டும்

ஆபரேஷனுக்குத் தேதி குறித்துக் கொடுத்த அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து தாராவி வந்து சேரும்வரை பூலோகம் வாயைத் திறக்கவில்லை. குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டும், எடுத்தால்தான் உயிர் மிஞ்சும் என்று டாக்டர் இந்தியில் சொன்னதை அவன் மனைவி இசக்கிசெல்விதான் மூன்று தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். அன்றைக்குத் தேதி ஒன்பது. ஆபரேஷன் இருபத்தொன்று.

பூலோகம் கார்மென்ட் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமையும் அம்மன் கோயில் கொடை விழாவும் வந்தால் பாட்டுக்காரன். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் சேர்ந்து நடத்துகிற ஆர்கெஸ்ட்ராவில் பதினெட்டு வருஷமாகப் பாடுகிறான். மேடையில் பாடுவதெல்லாம் சினிமாப் பாட்டு. ஆனால் அவனே கட்டிய பாட்டு ஏழு இருந்தது. துணி வெட்டும்போது வாய்க்குள்ளேயே மெட்டுப் போட்டு, எழுதி வைத்தவை. ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிற வெங்கி அந்த ஏழுக்கும் மியூசிக் மட்டும் போட்டு ஒரு பென் டிரைவில் கொடுத்திருந்தான். பாடிப் பதிவு செய்ய நேரம் வரும் வரும் என்று ஆறு வருஷம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே செல்வி சொன்னாள்: "இந்தப் பன்னெண்டு நாளுக்குள்ள ஒங்க ஏழு பாட்டையும் ரெக்கார்ட் பண்ணிருவோம். வெங்கிகிட்ட நா பேசுதேன். வடாலாவுலதான ரெக்கார்டிங் ரூம் வச்சிருக்கான்."

"வெங்கிக்குத் தெரிஞ்சா ஆர்கெஸ்ட்ரா பூராவுக்கும் தெரியும். எல்லாவனும் ஆப்பிள் வாங்கிட்டுப் பாக்க வருவானுவ. ஒருத்தனுக்கும் மூச்சு விடக் கூடாது, சொல்லிட்டேன்."

"அப்ப பாட மாட்டியளா?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பிறகு, "வீட்டுல வச்சுன்னா பாடுதேன். நீ மட்டும் இருந்தா பாடுதேன்" என்றான். குரல் அப்போதே பாதி காற்றாகத்தான் வந்தது. காலையில் எழுந்ததும் ஒரு அரை மணி நேரம் மட்டும் கரகரப்புக்கு அடியிலிருந்து பழைய குரல் எட்டிப் பார்க்கும். அதை விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

செம்பூரில் ஒரு பரிசோதனை லேபில் ரிப்போர்ட் டைப் செய்கிற வேலை செல்விக்கு. கம்ப்யூட்டர் பழக்கம் உண்டு. பாட்டுப் பதிவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அடுத்த நாளே ராஹில் என்று ஒருவரைத் தேடிப் போனாள். பழைய மியூசிக் சாமான்களை வாங்கி விற்கிறவர். அவர் ஒரு மைக்கும், ஒரு ஹெட்போனும், மைக்கை லேப்டாப்போடு சேர்க்கிற ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியும் கொடுத்தார். பெட்டியின் முன்பக்கம் நாலைந்து திருகுகிற குமிழ்களும் ஒரு அமுக்குகிற பட்டனும் இருந்தன. கைபட்டுக் கைபட்டு எழுத்தெல்லாம் அழிந்துபோயிருந்தது. "பேஃபிகர் ரஹோ பெஹன், சப் சல்தா ஹை" என்றார், கவலைப்படாதே, எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று.

பதினொன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தார்கள். ஒன்பது மணிக்கு மேல்மாடித் தையல் மெஷின்கள் ஓட ஆரம்பித்துவிடும். அதற்குள் முடிக்க வேண்டும். மெத்தையைச் சுவரில் சாய்த்து, அதன் முன்னால் பூலோகத்தை நிறுத்தினாள். காதில் ஹெட்போன். வெங்கி போட்ட மியூசிக் ஓடியது. அவன் கண்ணை மூடி முதல் வரியை எடுத்தான். நாலு வார்த்தை சரியாக வந்தது. ஐந்தாவது வார்த்தையில் தடுமாறி நின்றுவிட்டான்.

"என்னாச்சு?"

"என் குரலு லேட்டா வருது செல்வி. நா பாடி முடிச்ச பொறவு காதுல வருது."

அவள் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லிப் பார்த்தாள். உண்மைதான். வாய் மூடியபிறகு காதில் "ரெண்டு" விழுந்தது. கால் செகண்ட்கூட இருக்காது. ஆனால் அந்தக் கால் செகண்டில் மனுஷன் பாட முடியாது. தன் குரல் வரட்டும் என்று அவனை அறியாமலே காத்து நிற்கிறான், அதற்குள் தாளம் தாண்டிப் போய்விடுகிறது. அன்றைக்கு ஒன்பது தடவை ஆரம்பித்து ஒன்பது தடவை நின்றார்கள். ஒன்பதாவது தடவை ஹெட்போனைக் கழற்றி மெத்தையில் எறிந்துவிட்டுப் போனான்.

லேபில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அவள் வீடியோ பார்த்தாள். லேட்டன்சி என்று அதற்கு ஒரு பெயர் இருந்தது. குரல் மைக்கில் விழுந்து, பெட்டிக்குள் போய், லேப்டாப்புக்குள் போய், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைக்கப்பட்டு, திரும்பக் காதுக்கு வருகிறது. அந்தச் சேர்த்து வைக்கிற அளவுக்கு பஃபர் என்று பெயர். அதைக் குறைத்தால் குரல் சீக்கிரம் வரும்.

மறுநாள் குறைத்தாள். குரல் சீக்கிரம்தான் வந்தது, ஆனால் கடுகு வெடிக்கிற மாதிரி படபடவென்று சத்தமும் கூடவே வந்தது. பழைய லேப்டாப்புக்கு அந்த வேகம் தாங்கவில்லை. திரும்பக் கூட்டினாள். என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியில் இருந்த அந்தப் பட்டனை அமுக்கிப் பார்த்தாள்.

"ஏட்டி, இப்ப ரெண்டு பேரு பாடுத மாதிரி கேக்குது! என்னத்தத் தொட்ட?"

பயந்துபோய் மறுபடி அமுக்கிப் பழையபடி ஆக்கினாள்.

பதிமூன்றாம் தேதி ஒரு காதில் மட்டும் ஹெட்போனை வைத்துப் பாடச் சொன்னாள். லேட்டாக வருகிற குரல் அந்த ஒரு காதிலும் குழப்பியது. பதினாலாம் தேதி, திரையில் ஒரு பட்டனைத் தட்டி, அவன் குரல் ஹெட்போனில் வராமலே நிறுத்திவிட்டு, மியூசிக் மட்டும் கேட்கும்படி வைத்தாள். "காத அடைச்ச மாதிரி இருக்கு. சுருதி எங்க நிக்குதுன்னே தெரியல" என்றான். இருமல் வந்தது. துண்டில் துடைத்து, அதை அவள் பார்க்காமல் மடித்தான். அவள் பார்த்துவிட்டாள்.

"போன்லயாவது பாடுங்க. அப்படியே பிடிச்சு வச்சுக்கிடுவோம்."

"டின்னுக்குள்ள இருந்து பேசுத மாதிரி கேக்கும். அதையா நாளைக்கு நீ கேட்டுட்டு இருப்ப? வெங்கி அவ்வளவு அழகா மியூசிக் போட்டுத் தந்திருக்கான்."

"அப்ப அவன்கிட்டயே ஒரு வார்த்தை கேக்கேன். ஒங்களுக்கு என்னன்னு சொல்லாம கேக்கேன்."

"கேட்டியோ, மைக்க ஒடச்சிருவேன்."

அன்றைக்கு முதல்முறையாக அவளும் கத்தினாள். "ஒரு நா, ஒரே ஒரு நா அனுசரிச்சுப் பாடக் கூடாதா? நா மட்டும் இதெல்லாம் தெரிஞ்சா பொறந்தேன்?" பதிவு ஓடிக்கொண்டே இருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

பதினஞ்சு, பதினாறு, பதினேழு. அவள் வைஃபையை நிறுத்தினாள். வைரஸ் தடுக்கிற புரோகிராமை எடுத்தாள். குரலுக்குப் போட்டிருந்த எக்கோவை எடுத்தாள். லேபில் லீவு கேட்டாள். ஆபரேஷனுக்கு எடுக்கப் போவதால் இப்போது இல்லை என்றார்கள். ராஹிலுக்குப் போன் செய்தாள். லேப்டாப் ஸ்லோ, வேறு லேப்டாப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு காலையும் ஏதோ கொஞ்சம் சரியானது. ஒவ்வொரு காலையும் பூலோகத்தின் குரல் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்தது.

பதினேழாம் தேதி லேபில் இருந்தபோதுதான், அந்தப் பெட்டியைச் செய்தவர்களே அதை லேப்டாப்போடு ஒழுங்காக ஓடவைக்க டிரைவர் என்று ஒரு புரோகிராம் வைத்திருப்பதைக் கண்டுபிடித்தாள். பெட்டியின் அடியில் இருந்த நம்பரைப் போட்டோ எடுத்து வைத்திருந்தது உதவியது. பதினெட்டாம் தேதி விடிந்ததும் அதை ஏற்றினாள். "ஒண்ணு, ரெண்டு" என்றாள். சொல்லும்போதே காதில் கேட்டது. படபடப்பு இல்லை. மறுபடி சொல்லிப் பார்த்தாள். அழுகை வந்துவிட்டது.

"வாங்க, வாங்க! சரியாயிட்டு!"

அவன் வந்து நின்றான். மழையைப் பற்றி அவன் கட்டிய மூன்றாவது பாட்டு. முதல் இரண்டு வரியைப் பாடினான். எங்கேயும் தடுமாறவில்லை, தாளத்தோடு அப்படியே போனான். அவள் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரி மேலே ஏற வேண்டும். ஏறவில்லை. வெறும் காற்று வந்தது. மறுபடி எடுத்தான். மறுபடியும் காற்று. உட்கார்ந்துவிட்டான்.

"நாளைக்கு எடுப்போம். இப்பதான் சரியாயிட்டே" என்றான். அவள் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஒருவருக்கு ஆபரேஷன் தள்ளிப்போனதால் நாளைக்கே இடம் இருக்கிறது, உடனே வந்து சேருங்கள், தாமதித்தால் கட்டி இன்னும் கீழே இறங்கும் என்றார்கள். மைக்கை மடக்கிவைக்கக்கூட நேரமில்லை. டாக்சியில் போகும்போது பூலோகம் என்னென்னவோ பேசிக்கொண்டே வந்தான்; கேஸ் சிலிண்டர் புக் பண்ணு, பட்டறை முதலாளிகிட்ட சொல்லிரு என்று. எல்லாம் சாதாரணப் பேச்சு. அவளும் சரி சரி என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரத்தில் வீட்டுக்கு வந்தான். கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் மேல் துணி. சொல்ல வேண்டியதை நோட்டில் எழுதிக் காட்டினான். பதினாறு வயதுவரை திருநெல்வேலிப் பக்கம் படித்தவன், தமிழ்தான் எழுத வரும். செல்வி தாராவியில் பிறந்து இந்தி மீடியத்தில் படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவன் எழுதி நீட்டினால், அவள் உதட்டை அசைத்து அசைத்துப் படித்து முடிப்பதற்குள் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

விஷயம் கேள்விப்பட்டு வெங்கி ஓடி வந்தான். பூலோகம் கண்ணை மூடிப் படுத்திருந்தான். ஒரு மூலையில் மைக்கும் பெட்டியும் அப்படியே கிடந்தன. வெங்கி விசாரித்தான். வெளியே நடையில் நின்று செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்து திருப்பிப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"மதினி, இந்தப் பட்டன் எதுக்குன்னு தெரியாதா?"

"அமுக்கிப் பாத்தேன். ரெண்டு குரலாக் கேக்குன்னாரு."

"திரையில குரல நிப்பாட்டிட்டு இத அமுக்கணும் மதினி. அமுக்கினா குரல் லேப்டாப்புக்கே போகாம நேரா காதுக்கு வந்துரும். லேட்டே ஆகாது. இதுக்குன்னு வச்சதுதான் இது." சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான்.

பன்னிரண்டாம் தேதி அவள் அந்தப் பட்டனை அமுக்கினாள். பதினாலாம் தேதி திரையில் குரலை நிறுத்தினாள். இரண்டையும் சேர்த்து ஒரு தடவைகூடச் செய்யவில்லை. செய்திருந்தால் பன்னிரண்டாம் தேதியே ஆரம்பித்திருக்கலாம். அன்றைக்கு அவனுக்கு மேல் ஸ்தாயி வந்துகொண்டிருந்தது. ஏழு பாட்டு இல்லாவிட்டாலும் நாலு வந்திருக்கும். மூன்றாவது வந்திருக்கும். அவள் நடையிலேயே, குடத்துக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்துவிட்டாள். வெங்கி என்னென்னவோ சொன்னான். எதுவும் காதில் விழவில்லை.

அடுத்த வாரம் லேப்டாப்பை லேபுக்கு எடுத்துப் போய், மத்தியான நேரத்தில் எல்லாப் பதிவையும் கேட்டாள். நாற்பத்தோரு நிமிஷம் இருந்தது. பாட்டு என்று தொடர்ந்து வந்தது அந்த இரண்டு வரிதான். மற்றதெல்லாம் இருமல், நின்றுபோன ஆரம்பங்கள், "லேட்டா வருது" என்கிற குரல், "ஏட்டி என்னத்தத் தொட்ட" என்கிற குரல், அவள் கத்தியது, அவன் திரும்ப ஏசியது.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். பத்து நாள் இருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை, டீயை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லிவிட்டாள். பட்டனைப் பற்றி, வெங்கி சொன்னதைப் பற்றி, ஒன்றும் விடாமல்.

அவன் டீயைக் கீழே வைத்தான். நோட்டை எடுத்து ஒரே வார்த்தை எழுதினான். அதைப் படிக்க அவளுக்கு நேரமாகவில்லை.

'போ.'

அவள் எங்கே போவாள்? குழாயடிக்குப் போய் நின்றுவிட்டு வந்தாள். இரண்டு நாள் அவன் நோட்டைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் ஒரு பக்கம் நிறைய எழுதி அவள் மடியில் வைத்தான். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். இந்தத் தடவை அவன் முகத்தைத் திருப்பாமல் காத்திருந்தான்.

'வெங்கிகிட்ட கேக்கேன்னு நீ சொன்ன. நாந்தான் விடல. ஒன் மேல கோவம் இல்ல. அந்த ரெக்கார்ட நானும் நேத்து கேட்டேன். நா ஒன்ன ஏசுததுதான் அதுல நிறைய இருக்கு. என் குரல்னு அது மிஞ்ச வேண்டாம். அழிச்சிரு.'

"அந்த ரெண்டு வரி இருக்கே" என்றாள். "அத மட்டும் வச்சுக்கிடுவோம்."

அவன் மறுத்துத் தலையை ஆட்டினான். நோட்டை வாங்கி எழுதினான். 'ரெண்டு வரி பாட்டு இல்ல.'

"எனக்காக."

அவன் லேப்டாப்பைக் கொண்டுவந்து அவள் முன் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த இரண்டு வரியையும் சேர்த்து அவள் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தாள். நிச்சயமாக அழிக்கட்டுமா என்று மெஷின் கேட்டது. அவனைப் பார்த்தாள். அவன் ஏதோ சொல்ல வருகிற மாதிரி வாயைத் திறந்தான். கழுத்துத் துணி மட்டும் உப்பி அடங்கியது. பிறகு தலையசைத்தான். அவள் அழித்தாள். குப்பைக் கூடையையும் காலி செய்யும்படி விரலால் காட்டினான். அதையும் செய்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. கழுத்தில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாகப் பட்டறைக்குப் போனான். செல்வி சயானில் பஸ் பிடித்து வேலைக்குப் போனாள். சாயங்காலம் அவள் வரும்போது அவன் முந்தியே வந்து உட்கார்ந்திருந்தான்.

"எப்படி இருந்துச்சு? எல்லாரும் என்ன சொன்னாவ?"

அவன் எழுதிக் காட்டினான். அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றபடியே படித்தாள்.

'மெஷின் சத்தம். யாரும் ஒண்ணும் கேக்கல.'