முந்நூறு மீட்டர்

நான் கார் ஓட்ட ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அதில் பெரும்பகுதி ஓர் அடிகூட நகரவில்லை. சோதனைக்கூடத்தில் ஓட்டுநர் வேலை. காரின் சக்கரங்களைத் தரையில் பதித்த உருளைகளின்மேல் ஏற்றி, நாலு மூலையிலும் பட்டை போட்டு இறுக்கிவிடுவார்கள். சக்கரம் சுற்றும், உருளை சுற்றும், கார் நின்ற இடத்திலேயே நிற்கும். எதிரே ஆள் உயர மின்விசிறி ஒன்று காற்றை வாரி அடிக்கும். பக்கத்தில் ஒரு திரை. அதில் ஒரு கோடு ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். எந்த நொடியில் எந்த வேகம் என்று அந்தக் கோடு சொல்லும், என் வலது கால் கேட்கும். இரண்டு கிலோமீட்டர் வேகம் கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. கோட்டை விட்டு நான் விலகுவதே இல்லை என்பதால் கூடத்தில் எனக்குக் கோடு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்படி ஓட்டித்தான் ஒரு கார் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்ற எண் பிறக்கிறது. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவார்களே, அந்த எண். வாங்குகிறவர்களில் ஒருவருக்கும் அது கிடைக்காது. கிடைக்கவில்லை என்று சண்டைக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும், என் மச்சான் உட்பட. "நீங்க ஓட்டின மாதிரி ஓட்டினா ரோட்டுல பின்னாடி வர்றவன் அடிச்சே கொன்னுடுவான் மாமா" என்பார். உண்மைதான்.

இந்த முறை வந்தது ஒரு ஹைப்ரிட் ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாக, இரண்டே இருக்கை. அதற்குள் உட்காருவது கிணற்றுக்குள் இறங்குவது மாதிரி. பேட்டரி காலுக்கடியில், பெட்ரோல் எஞ்சின் முதுகுக்குப் பின்னால். பேட்டரி நிறைந்திருக்கும்வரை மின்சாரத்தில் மட்டுமே சத்தமில்லாமல் ஓடும், தீர்ந்ததும் எஞ்சின் விழித்துக்கொள்ளும். எஞ்சின் விழிப்பதற்கு முன் நாற்பது கிலோமீட்டர் ஓட வேண்டும் என்பது விதி. ஓடினால் பெட்ரோல் கார்களைத் தடுக்கிற நகரங்களில் ஊர் நடுவே நுழைய அனுமதி, விளம்பரத்தில் லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் என்று பெருமை. நாற்பதுக்கு ஒரு மீட்டர் குறைந்தாலும் அது இன்னொரு பெட்ரோல் குடிகாரன், அவ்வளவுதான். இதை வாங்கப்போகிறவர் முதல் நாளே மிதி மிதியென்று மிதித்து, எஞ்சின் உறுமுவதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். சார்ஜ் போடும் கம்பி பின்பெட்டியில் பிரிக்காமலே கிடக்கும். இருந்தாலும் எண் எண்தான்.

காரோடு கம்பெனியின் பொறியாளர் ஒருத்தியும் வந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். எஞ்சின் எப்போது விழிக்க வேண்டும், எவ்வளவு நேரம் தூங்க வேண்டும் என்று முடிவுசெய்கிற ப்ரோக்ராம் அவளுடையது. அதில் மூன்று வருடம் போயிருந்தது. முதல் நாளே என்னை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். "அண்ணா, உங்க கால்ல எண்ணெய் விட்டிருக்கா? கோடு மேல கோடு போட்ட மாதிரி ஓட்டுறீங்க" என்றாள். சும்மா சொல்லக்கூடாது, எனக்குக் குளிர்ந்துபோயிற்று.

அவளுக்குத் தெரியாதது என் முதுகு. ஒன்றரை வருடமாக இடுப்புக்கு மேலே ஓர் இடம் செத்துக்கொண்டிருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை நிரப்பிக் கொடுக்கும் உடல்நிலைப் படிவத்தில், முதுகுவலி உண்டா என்ற கேள்விக்கு இரண்டு முறை இல்லை என்று எழுதியிருக்கிறேன். உண்டு என்று எழுதினால் உருளையில் ஏற விடமாட்டார்கள், பொருள் கிடங்கில் உட்கார வைத்துவிடுவார்கள். எனக்கு வேறொன்றும் உருப்படியாகத் தெரியாது. ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போகத் தெரியும், அது மட்டும்தான் தெரியும். மனைவியிடமும் சொல்லவில்லை. அவள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். "நாற்காலியில உட்காரும்போது ஏன் முகம் அப்படிப் போகுது?" என்று கேட்பாள். நாற்காலி சரியில்லை என்பேன். போன மாதம் ஒரு புது நாற்காலி வாங்கி வந்து வைத்தாள்.

முக்கியமான ஓட்டத்துக்கு முந்தின நாள் காரைத் தயார்படுத்த ஓர் ஓட்டம் உண்டு. அது கணக்கில் சேராது. அன்றைக்கு வலி உயிரை எடுத்தது. இடது தொடைக்குப் பக்கத்தில் சீட் ஹீட்டர் பொத்தான் இருந்தது. கணக்கில்லாத ஓட்டம்தானே என்று தட்டிவிட்டேன். இருக்கை மெல்லச் சூடாகி முதுகைத் தடவிக் கொடுத்தது. ஓட்டம் முடிந்து காரை அணைத்ததும் பொத்தானின் விளக்கும் அணைந்தது. நானும் அதை மறந்தேன்.

கார் இரவு முழுவதும் ஒரே வெப்பத்தில் நின்று சார்ஜ் ஏறியது. செவ்வாய்க்கிழமை காலை நாலு பேர் சேர்ந்து அதை உருளைமேல் கையால் தள்ளி ஏற்றினோம். ஓட்டி ஏற்றக்கூடாது, அதில் போகிற மின்சாரமும் கணக்கு. நான் தாளை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஏசி இல்லை, விளக்கு இல்லை, ரேடியோ இல்லை, சீட் ஹீட்டர் இல்லை. காரை உயிர்ப்பிப்பதற்கு முன்பே பார்த்தேன். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் பார்க்கிறேன். பழைய கார்களுக்கு ஞாபகசக்தி கிடையாது. இது முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து தொடர்கிற கார். உயிர் வந்ததும் தன்பாட்டுக்கு இருக்கையைச் சூடாக்க ஆரம்பித்திருக்கிறது. நான் திரையில் கண் வைத்திருந்தேன்.

அன்றைக்கு என் வாழ்நாளிலேயே நன்றாக ஓட்டினேன். வலி தெரியவில்லை. காலையில் போட்ட புது வலி மாத்திரை வேலை செய்கிறது, முதுகில் தெரிந்த கதகதப்பும் அதுதான் என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். முப்பத்தொன்பது தாண்டியது. நாற்பது வந்துவிடும் என்று நினைத்த நேரத்தில் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தது. முப்பத்தொன்பது புள்ளி ஏழு. முந்நூறு மீட்டர் குறைவு.

கோடு முடியும்வரை ஓட்டிவிட்டு, இறங்குவதற்காக இருக்கையில் கையை ஊன்றினேன். இருக்கை சுட்டது. குனிந்து பார்த்தால் பொத்தானில் விளக்கு. கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் எல்லாரும் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல் தன்னால் போய் அதை அணைத்தது. மறதிக்கு மன்னிப்பு கேட்கலாம். இந்த விரலுக்கு என்ன சொல்வது?

சோதனைக்கூடத் தலைவர் பருத்த உடம்பு, மெல்லிய குரல். கோபம் ஏற ஏறக் குரல் இன்னும் மெலியும். "சோதனை நடத்தினதுல தப்பு இருந்தா மட்டும்தான் மறுபடி ஓட்ட முடியும். தப்பு ஒண்ணும் இல்லையே கோடு?" என்றார்.

"இல்ல சார்" என்றேன்.

"அப்போ இதுதான் எண். நாளைக்குச் சாயங்காலம் அனுப்பிடலாம்."

அன்றிரவு மனைவி புது நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னாள். நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

புதன்கிழமை முழுவதும் பொறியாளர் கட்டுப்பாட்டு அறையின் ஒரு மூலையில் மடிக்கணினியோடு கிடந்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போனால் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். போகாமல் பார்த்துக்கொண்டேன். மூன்று மணிக்குத் தாகம் தாங்காமல் போனேன். அவள் திரையில் ஒரு நீண்ட தட்டையான கோடு.

"அண்ணா, இங்க பாருங்க. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் தொண்ணூறு வாட் எங்கயோ போகுது. சுத்தமா தொண்ணூறு. பேட்டரியைக் குளிர வைக்கிற தண்ணி பம்ப்தான். நிக்க வேண்டிய நேரத்துல நிக்கல. அதை நிறுத்தறதும் என் ப்ரோக்ராம்."

"பம்ப் ஓடினதைப் பார்த்தீங்களா?"

"அதுக்குத் தனியா அளவு வைக்கலையே. வேற எது தொண்ணூறு வாட் குடிக்கும்? என் தப்புன்னு அறிக்கை எழுதிட்டேன். அஞ்சு மணிக்கு அனுப்பணும்."

"அனுப்பினா?"

"ப்ரோக்ராமை வேற டீம்கிட்ட குடுப்பாங்க. மூணு வருஷம்." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "சரி, போகட்டும். வீட்டுக்காவது போவேன். பொண்ணு போன்ல பேசறப்போ எங்கிட்ட பேசறதை விட்டுட்டு அவ அப்பாகிட்ட பேசறா."

சிரிக்கத்தான் முயற்சி செய்தாள். அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு, செய்யாத தப்பைத் தேடித் தேடி வந்த கருப்பு. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. தண்ணீரைக் குடித்து முடித்தேன். அதற்கப்புறம் செய்வதற்கு வேறெதுவும் மிச்சமில்லை.

"பம்ப் இல்லம்மா" என்றேன். "என் முதுகு."

அவளுக்குப் புரியவில்லை. தயார்படுத்தும் ஓட்டத்தில் சீட் ஹீட்டரைத் தட்டிவிட்டதிலிருந்து விளக்கை அணைத்த விரல்வரை எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"நேத்து ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்."

"நான் தூங்கல. என் பம்பைத் திட்டிட்டு உட்கார்ந்திருந்தேன்." எழுந்தாள். அண்ணா என்று சொல்லவில்லை. "வாங்க, தலைவர்கிட்ட சொல்லுங்க."

தலைவர் கேட்டு முடித்தபோது அவர் குரல் காதுக்கு எட்டாத அளவுக்கு மெலிந்துவிட்டது. என் இரண்டு வருடப் படிவங்களை எடுத்து மேசைமேல் வைத்து, இல்லை இல்லை என்று எழுதியிருந்த இடங்களில் விரலால் தட்டினார்.

"எத்தனை நாளா?"

"ஒன்றரை வருஷம்."

"நான் உன்மேல கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன், கோடு." படிவங்களை மூடி ஓரமாக வைத்தார். "மறு ஓட்டம் அதே ஓட்டுநர்தான் ஓட்டணும். ஆள் மாறினா எது மாறிச்சுன்னு தெரியாது. அதனால நாளை மறுநாள் நீதான். அது முடிஞ்சதும் டாக்டர்கிட்ட போ. அப்புறம் கிடங்கு."

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "என்கிட்ட சொல்லியிருந்தா நாற்காலிக்குப் பதிலா வெந்நீர்ப் பை வாங்கியிருப்பேன்" என்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை காருக்கு உயிர் வந்த பிறகு ஒவ்வொரு பொத்தானையும் தொட்டுப் பார்த்தேன். பொறியாளரும் குனிந்து, இடது தொடைப் பக்கத்துப் பொத்தானைத் தானே பார்த்து, தாளில் கையெழுத்திட்டாள். இரண்டு நாளாக அவள் என்னோடு பேசியது அந்தக் கையெழுத்து அளவுதான். வலி மாத்திரை போட வேண்டாம் என்று காலையிலேயே முடிவுசெய்திருந்தேன். இந்த ஓட்டத்தில் என் கால் கொஞ்சம்கூட மந்தமாகக்கூடாது.

இருக்கை சில்லென்றிருந்தது. பத்தாவது கிலோமீட்டரில் வலி தொடங்கியது. இருபதில் இடுப்பு முழுவதும் பிடித்துக்கொண்டது. கோடு ஏறும்போது கால் மெல்ல அழுத்த வேண்டும், இறங்கும்போது மெல்ல விட வேண்டும். துள்ளினால் மின்சாரம் வீண். பல்லைக் கடித்தபடி திரையைப் பார்த்தேன். எவனோ ஒருவன் சிவப்பு விளக்கிலிருந்து சீறிக் கிளம்பப்போகிற காருக்கு, பெட்ரோல் மிச்சம் பிடித்துத் தந்துகொண்டிருந்தேன். இதை நினைத்து வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். முப்பதில் கண்ணில் நீர் வந்து கோடு இரண்டாகத் தெரிந்தது. இமையைச் சிமிட்டி ஒன்றாக்கினேன்.

முப்பத்தொன்பது புள்ளி ஏழு. பின்னால் சத்தமில்லை. எட்டு. ஒன்பது. நாற்பது. நான் மூச்சு விடவில்லை. நாற்பது புள்ளி இரண்டில் எஞ்சின் எழுந்தது.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் யாரோ கை தட்டினார்கள். நான் திரும்பவில்லை. கோடு முடிய இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. கோடு முடியாமல் ஓட்டமும் முடியாது. எஞ்சினின் அதிர்வு ஒவ்வொன்றும் செத்த இடத்திலேயே வந்து விழுந்தது. ஏழு நிமிடமும் ஓட்டினேன், கோட்டின்மேலேயே.

மின்விசிறி நின்றது. கதவைத் திறந்தார்கள். இறங்குவதற்குக் கையை ஊன்றினேன், உடம்பு வரவில்லை. மறுபடி முயன்றேன். இடுப்புக்குக் கீழே யாருடையதோ போலிருந்தது. தலைவர் என் தோளைப் பிடிக்கக் குனிந்தார். "வேணாம் சார், வலிக்குது" என்றேன். அந்தக் கூடத்தில் இருபத்திரண்டு வருடத்தில் அந்த வார்த்தையை அப்போதுதான் சொன்னேன்.

பொறியாளர் அவரை விலக்கிக்கொண்டு கதவோரம் மண்டியிட்டாள். என்னைத் தூக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கையை என் தொடைக்குப் பக்கத்தில் நீட்டி, பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரிந்தது.

"இப்போ போட்டுக்கலாம், அண்ணா" என்றாள். "கணக்கு முடிஞ்சுது."

இருக்கை சூடாகும்வரை அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தாள்.