முன்னால் போக ஒரே ஒரு கியர்

வீட்டில் அவனுக்கு அவசரம் என்று பெயர். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான் என்று அக்கா வைத்தது. வயது இருபத்தாறு. இப்போது இருக்கும் இடம், ஸ்டாண்டில் தூக்கி நிறுத்திய தன் நீலக் காரின் அடி. இரண்டு கையிலும் கிரீஸ். அதனால் போனை மார்பின் மேல் வைத்துக்கொண்டு, வாயால் சொல்லியே குடும்பக் குழுவுக்குச் செய்தி எழுதப் பார்க்கிறான். மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தாகிவிட்டது.

சனிக்கிழமை, மணி பதினொன்று. நாலு மணிக்கு அம்மாவின் விமானம் இறங்கும்.

அவன் வேலை பார்க்கும் நாட்டுக்கு அம்மா கடல் தாண்டி வருவது இதுதான் முதல் முறை. சம்மதிக்க வைக்கவே எட்டு மாதம் ஆயிற்று. அதற்கும் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"தெரியாத டிரைவர் வண்டியில நான் ஏற மாட்டேன். வாசல்ல நீ நிக்கணும், உன் வண்டியில கூட்டிட்டுப் போகணும். இல்லன்னா அடுத்த ஃப்ளைட்ல திரும்பிடுவேன், பாத்துக்கோ."

"நீ கண்ண மூடிட்டு வாம்மா. ராணி மாதிரி கூட்டிட்டுப் போறேன்" என்று வாக்குக் கொடுத்தான். கொடுக்கும்போது வண்டியில் பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்சில் முழுசாக இருந்தது.

வார நாளில் அவனை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய் விடுவதும் அந்த வண்டிதான், ஞாயிற்றுக்கிழமை பந்தயத் திடலில் நேர்கோட்டில் சீறுவதும் அதேதான். போன மாதம் எஞ்சினுக்கு டர்போ போட்டான். எஞ்சின் பலசாலியாகிவிட்ட செய்தியை ஆக்சிலுக்கு யாரும் சொல்லவில்லை. போன ஞாயிறு பச்சை விளக்கு எரிந்ததும் கிளட்சை விட்டான். டங்கென்று ஒரு சத்தம். எஞ்சின் ஊரைக் கூட்டியது. வண்டி நின்ற இடத்தில் நின்றது. சக்கரத்தைச் சுற்றிவிடும் ஷாஃப்ட், சாக்பீஸ் மாதிரி இரண்டு துண்டு. பக்கத்துத் தடத்தில் வண்டி ஓட்டியவர் போய் முடித்துவிட்டுத் திரும்பி வந்து, கண்ணாடியை இறக்கி, "தம்பி, இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"வண்டி எப்படி இருக்கு?"

"சின்னப் பஞ்சர்க்கா."

"பஞ்சருக்கு ஏன்டா குரல் நடுங்குது?"

"கொஞ்சம் பெரிய பஞ்சர்க்கா."

செவ்வாய்க்கிழமை பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டுக்குப் போனான். கூடவே பெயிண்டரும் வந்தான். பெயிண்டர் அவனுடைய அறைத்தோழன். அதே ஒர்க்‌ஷாப்பில் வண்டிகளுக்கு வர்ணம் அடிப்பவன். எதற்கும் இரண்டு கோட்டிங் கிண்டல் கொடுக்காமல் விடமாட்டான்.

யார்டுக்கார அம்மாள் ரப்பர் பூட்ஸோடு முன்னால் நடந்து, இரண்டு ஆக்சில்களைக் காலால் தட்டிக் காட்டினார்.

"வண்டி ரோட்டுக்கா, ரேஸுக்கா?"

"ரெண்டுக்கும்."

"ரெண்டுக்கும்னு கேக்கிறவங்க எல்லாரும் ரெண்டு தடவை இங்க வருவாங்க. இது உன் வண்டியோட பெரிய எஞ்சின் மாடல்ல இருந்து வந்தது. நாலு போல்ட்டு, வேலை முடிஞ்சுது. அது டெலிவரி வேனோடது."

முதல் ஆக்சிலின் ஷாஃப்ட் அவனுடைய பழையதைவிட விரல் அளவு தடிமன் கூடுதல். அதுவே போதும். ஆனால் ஊரே பார்க்க ஒருமுறை முறிந்துபோனவனுக்கு விரல் அளவு ஆறுதல் எந்த மூலைக்கு? வேன் ஆக்சிலின் ஷாஃப்ட் மணிக்கட்டு கனம் இருந்தது. சக்கரங்கள் இருக்கும் முனைகளைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினான். எஞ்சின் பக்கம் இருக்கும் கழுத்து நாலு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியது. நாலரை என்றால் பந்தயத்தில் பறக்கும், ரோட்டில் காது கிழியும். மூன்று என்றால் ரோட்டில் சுகம், பந்தயத்தில் தூக்கம். இது நடுவில் இருந்தது. அகலமும் சரி. அவனுக்குத் தன் மேலேயே மரியாதை வந்துவிட்டது.

"இதுதான் வேணும்" என்று வேன் ஆக்சிலைக் காட்டினான்.

"ரெண்டு டன் சுமக்குற சாமான்டா" என்றான் பெயிண்டர். "உங்கம்மா அப்படி என்ன லக்கேஜ் கொண்டு வர்றாங்க?"

வியாழக்கிழமைதான் சிக்கல் தெரிந்தது. அவனுடைய காரில் பட்டை ஸ்பிரிங் ஆக்சிலுக்கு மேலே உட்காரும், வேனில் கீழே. ஸ்பிரிங் உட்கார வேண்டிய மேடை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை வெட்டி எடுத்து மறுபக்கம் வெல்டிங் வைக்க வேண்டும். வெல்டருக்கோ திங்கட்கிழமைவரை லீவு.

இந்த இடத்தில்தான் அவன் மூளை வேலை செய்தது. வேலை செய்யாமலே இருந்திருக்கலாம். ஆக்சிலை அப்படியே குப்புறக் கவிழ்த்தான். மேடைகள் மேலே வந்துவிட்டன! ஒரு பொறி வெல்டிங் இல்லை.

"எப்படி?" என்று பெயிண்டரைக் கூப்பிட்டுக் காட்டினான்.

பெயிண்டர் குனிந்து பார்த்தான். "ஆயில் வடிக்கிற ஓட்டை மேல இருக்கே?"

"ஊத்துறதுக்கு வசதிதானே."

"காத்து போற ஓட்டை அடியில ஒழுகுதே?"

"அதுக்கு ஒரு போல்ட்டு போட்டு அடைச்சாச்சு."

ஆக்சில் தன்னால் முடிந்த மட்டும் சொல்லிப் பார்த்தது. சொன்ன வாயையெல்லாம் அடைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை அவன் கடைசி நட்டை இறுக்கினான்.

இன்று காலை பத்து மணிக்கு வெள்ளோட்டம். பெயிண்டர் போனில் வீடியோ எடுத்தான். அவசரம் ஜன்னல் வழியே கட்டைவிரலைக் காட்டி, "அம்மா, கிளம்பிட்டேன்" என்று கேமராவுக்குச் சொல்லி, முதல் கியரைப் போட்டு, அழுத்தமாக மிதித்தான்.

வண்டி பின்னால் பாய்ந்தது. பழைய டயர்க் குவியலுக்குள் வால் முழுக்கப் புகுந்து நின்றது. மேலிருந்து ஒரு டயர் நிதானமாக உருண்டு வந்து கூரையில் உட்கார்ந்தது. கட்டைவிரல் அப்போதும் வெளியேதான் இருந்தது.

"ரிவர்ஸ் போட்டுட்டேன் போல" என்றான்.

இரண்டாவது கியர், பின்னால். மூன்றாவது, பின்னால். ரிவர்ஸைப் போட்டதும் வண்டி பூனை மாதிரி முன்னால் வந்தது. பெயிண்டர் தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பில் வீடியோ ஆடியது.

ஆக்சிலுக்குள் பெரிய பல்சக்கரம் ஒரு பக்கமாகத்தான் உட்கார்ந்திருக்கும். ஆக்சிலைக் கவிழ்த்தால் அதுவும் மறுபக்கம் போய்விடும். எஞ்சின் எப்போதும்போலச் சுற்றும், சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளும் விஷயம். எத்தனை சுற்று என்று அவ்வளவு கவனமாக எண்ணியவன், மாட்டிய பிறகு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை.

"முன்னாடி போக ஒரு கியர் இருக்கில்ல?" என்றான் பெயிண்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்படியே மெதுவா ஏர்போர்ட் போய்ட்டு வா."

வெட்கக்கேடு, அவன் அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தான். நாற்பது கிலோமீட்டர், ஆமை வேகம், இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். பிறகு அம்மாவை ஏற்றிக்கொண்டு சிக்னலில் நிற்பதை நினைத்தான். பச்சை விழும். பழக்க தோஷத்தில் கை முதல் கியரைப் போடும். பின்னால் ஒரு லாரி நிற்கும்.

சாவியை எடுத்துப் பெயிண்டரிடம் கொடுத்தான். "இது இன்னிக்கு வெளிய போகாது."

"டாக்சி?"

"அம்மா ஏற மாட்டா. பஸ்லதான் கூட்டிட்டு வரணும்."

"பஸ் டிரைவர் மட்டும் உங்க தாய்மாமனா?"

"பஸ்ல நான் பக்கத்துல உக்காருவேன். கையைப் பிடிச்சுக்குவேன்" என்றான். "திரும்பிப் போறேன்னு சொல்லாம இருந்தா சரி."

ஒருவேளை ஏதாவது மந்திரம் நடந்திருக்குமோ என்று வண்டியை மறுபடி ஸ்டாண்டில் ஏற்றி, கடைசியாக ஒருமுறை அடியில் போய்ப் படுத்துப் பார்த்தான். நடக்கவில்லை. போல்ட்டு அடைத்த ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு ஆயில் நெற்றியில் விழுந்தது. நாலாவது முறையாகச் செய்தியைச் சொல்ல ஆரம்பித்தான். இந்த முறை அழிக்கவில்லை.

"போன வாரம் பஞ்சர்னு சொன்னது பொய். ரேஸ்ல ஆக்சில் உடைஞ்சுது. புதுசா ஒண்ணு நானே மாட்டினேன், தலைகீழா மாட்டிட்டேன். வண்டி பின்னாடிதான் போகுது. அம்மா இறங்கினதும் முதல்ல உங்களுக்குத்தான் போன் பண்ணுவா. அக்காவோ அப்பாவோ, இதைப் படிக்கிறது யாரா இருந்தாலும் சரி, அவகிட்ட சொல்லுங்க. வாசல்ல நீலக் காரைத் தேட வேண்டாம். நான் மூணு மணிக்கே வந்து நிப்பேன், நெத்தியில கறையோட. திரும்பிப் போக டிக்கெட் கேக்காம, ஒரே ஒரு தடவை என்கூட பஸ்ல வரச் சொல்லுங்க. பெயிண்டர் ஒரு வீடியோ அனுப்புவான். அதை மட்டும் அவகிட்ட காட்டாதீங்க."